இந்தியா சொந்தமாக ஏவுகணை செய்யக் கற்ற கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் 15 அன்று அப்துல் கலாம் பிறந்தநாளுக்காகப் பள்ளிகளில் பேச்சுப் போட்டி நடக்கும். ‘ஏவுகணை நாயகன்’ என்று தொடங்கி ‘கனவு காணுங்கள்’ என்று முடியும் பேச்சுகள்தான் பெரும்பாலும் மேடையேறுகின்றன. நடுவில் நடந்தது என்ன, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கேட்கும் மாணவர்களுக்கும் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இந்தப் பக்கம்.

ராக்கெட்டும் ஏவுகணையும் ஒன்றா?

எரிபொருளை எரித்து, சூடான வாயுவைப் பின்னே பீய்ச்சி, முன்னே பாய்கிற எதுவும் ராக்கெட். இலக்கைக் கண்டு அங்கே போய்ச் சேரும் அறிவு அதில் சேர்ந்துவிட்டால் அது ஏவுகணை.

இந்தப் பக்கத்தின் மற்றப் பதில்கள் புரிய, ஓர் ஏவுகணைக்குள் இருக்கும் நான்கு தனித்தனித் துறைகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது உந்துபொறி. இரண்டாவது, தான் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்று ஏவுகணை தானே கணக்கிட உதவும் திசையறி கருவி. மூன்றாவது, வேகத்தையும் வெப்பத்தையும் தாங்கும் உடல். நான்காவது, நகரும் இலக்கைக் கண்ணால் பார்ப்பதுபோல் பார்த்துத் துரத்தும் ‘சீக்கர்’ என்ற தேடுகருவி. ஒரு நாடு இவற்றில் மூன்றில் தேர்ந்து நான்காவதில் திணறுவது நடக்கக்கூடியதே. இந்தியாவுக்கு நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

இந்தியா எப்போது இந்த வேலையில் இறங்கியது?

1958-இல் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம், அதாவது டி.ஆர்.டி.ஓ., உருவானது. அதே ஆண்டில் டெல்லியில் ஏவுகணைக்கென ஒரு சிறு குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு வளர்ந்து டி.ஆர்.டி.எல். என்ற ஆய்வகமாகி, 1960-களின் தொடக்கத்தில் ஹைதராபாத்துக்குப் போனது. 1970-இல் அதே நகரில் உற்பத்திக்காக பாரத் டைனமிக்ஸ் தொடங்கப்பட்டது. முதலில் அங்கே தயாரானது எஸ்.எஸ்.-11 என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணை. அது பிரான்ஸ் நாட்டு வடிவமைப்பு. உரிமம் பெற்றுச் செய்தார்கள்.

உரிமம் பெற்றுச் செய்வதைத் தற்சார்பு என்று சிலர் கணக்கில் சேர்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வரைபடத்தில் உள்ளபடி செய்யக் கற்றுக்கொள்கிறோம். அந்த அளவு ஏன் அப்படி இருக்கிறது என்பது வரைந்தவனுக்கு மட்டுமே தெரியும். நாளை அதை மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் அவனிடம்தான் போய் நிற்க வேண்டும்.

‘டெவில்’ திட்டம் என்பது என்ன? அது தோல்விதானே?

சோவியத் ஒன்றியத்தின் எஸ்.ஏ.-2 என்ற விமான எதிர்ப்பு ஏவுகணை இந்தியாவிடம் இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு பாகத்தையும் உள்நாட்டில் செய்து, அதேபோன்ற ஒன்றை உருவாக்குவதுதான் 1970-களின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட டெவில் திட்டம். விமானப்படை அதிகாரியான வி.எஸ். நாராயணன் அப்போது டி.ஆர்.டி.எல்.-இன் தலைவர். நீண்ட தூர ஏவுகணைக்காக ‘வேலியன்ட்’ என்று இன்னொரு திட்டமும் கூடவே ஓடியது. வேலியன்ட் 1974-இலேயே கைவிடப்பட்டது. டெவில் தசாப்தத்தின் இறுதிவரை இழுத்து, முழு ஏவுகணையாக உருப்பெறாமலே மூடப்பட்டது.

தணிக்கையாளரின் ஏட்டில் இது தோல்வி. சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் ஆய்வகத்துக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள். எஸ்.ஏ.-2-வின் திரவ எரிபொருள் எஞ்சினைப் பார்த்துத் தாமாகவே ஒன்றைச் செய்யக் கற்றார்கள். திசையறி கருவிகளில் கைவைத்தார்கள். காற்றுச் சுரங்கச் சோதனை, திட உந்துபொருள் வார்ப்பு, தொலையளவி என்று கூடங்கள் எழும்பின. பத்தாண்டு கழித்து பிரித்வி ஏவுகணை வியக்கத்தக்க வேகத்தில் எழுந்தபோது அதன் வயிற்றில் இருந்தது டெவிலுக்காகக் கற்ற அந்த எஞ்சினின் வழிவந்ததுதான்.

பள்ளி மேடைகளில் நாராயணனின் பெயர் வருவதில்லை. வர வேண்டும்.

கலாம் இதற்குள் எப்படி வந்தார்?

கலாம் முதலில் சேர்ந்தது பாதுகாப்புத் துறையில்தான். சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படித்துவிட்டு 1958-இல் அங்கே போனார். பிறகு விண்வெளித் துறைக்கு மாறி, இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவு வாகனமான எஸ்.எல்.வி.-3 திட்டத்தின் இயக்குநரானார்.

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது முதன்முறையாகப் புறப்பட்டது. ஒன்றன்பின் ஒன்றாக எரியும் அதன் நிலைகளில் முதலாவது சரியாக வேலை செய்தது. இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு மூடிக்கொள்ளாமல் நைட்ரிக் அமிலம் கசிந்திருந்ததால், அந்த நிலை கட்டுப்பாட்டை இழந்தது. 317 விநாடிகளில் எல்லாம் முடிந்து வாகனம் வங்கக்கடலில் விழுந்தது. அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான், செய்தியாளர்கள் முன் தாமே போய் நின்று பொறுப்பேற்றார். மறு ஆண்டு ஜூலை 18 அன்று அதே வாகனம் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியபோது, செய்தியாளர்களிடம் பேசும்படி கலாமை அனுப்பிவைத்தார். வாழ்நாள் முழுவதும் கலாம் மேடைதோறும் சொல்லிவந்த நிகழ்ச்சி இது.

இதைத் தவானின் பெருந்தன்மைக்குச் சான்றாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் போதவில்லை. அதில் நிர்வாகக் கணக்கும் உண்டு. எந்த வால்வு, யார் சோதித்தது, அந்த நேரத்தில் ஏன் விட்டுவிட்டோம் என்பவற்றை ஒளிக்காமல் எழுதிவைத்தால்தான் அடுத்த வாகனம் பறக்கும். தலை போய்விடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். தலைவர் ஒருவர் வெளியே அடி வாங்கிக்கொண்டால்தான் உள்ளே ஆய்வறிக்கை நேர்மையாக வரும்.

1982-இல் கலாம் டி.ஆர்.டி.எல்.-இன் இயக்குநராக ஹைதராபாத்துக்குத் திரும்பினார். டெவில் மூடப்பட்டபின் அங்கே மிஞ்சியிருந்தது நல்ல பணிமனைகளும் மனம் சோர்ந்த பொறியாளர்களும்.

ஐந்து ஏவுகணைகளை ஒரே நேரத்தில் தொடங்கியது யாருடைய முடிவு?

கலாமும் அப்போது பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராக இருந்த வி.எஸ். அருணாசலமும் கொண்டுபோன திட்டம் படிப்படியானது: ஒன்றிரண்டை முதலில் முடிப்போம், மற்றவற்றைப் பிறகு தொடங்குவோம். பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஆர். வெங்கட்ராமன், எல்லாவற்றையும் சேர்த்தே தொடங்குங்கள் என்றார். அன்றிரவே உட்கார்ந்து திட்டத்தைத் திருத்தி எழுதியதாகக் கலாம் சொல்லியிருக்கிறார். 1983 ஜூலையில் 388 கோடி ரூபாயில் ‘ஒருங்கிணைந்த வழிகாட்டு ஏவுகணை மேம்பாட்டுத் திட்டம்’ ஒப்புதல் பெற்றது.

நிலத்திலிருந்து நிலத்துக்குப் பாயும் பிரித்வி, தாழப் பறந்து வருவதைத் தடுக்கும் குறுந்தொலைவு திரிசூல், நடுத்தொலைவு விமான எதிர்ப்பு ஆகாஷ், டாங்கி எதிர்ப்பு நாக், வளிமண்டலத்துக்கு வெளியே போய்த் திரும்பி நுழையும் தொழில்நுட்பத்தைச் செய்துகாட்ட அக்னி என ஐந்து.

பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த வெங்கட்ராமனைத் தொழில்துறை அமைச்சராகத் தமிழ்நாடு அறியும். குடியரசுத் தலைவராக நாடு அறியும். இந்த முடிவில் அவருக்கு இருந்த பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது சரியான முடிவா என்பதில் எனக்கு இரண்டு மனம் உண்டு. ஐந்தையும் சேர்த்துத் தொடங்கியதால் ஆய்வகங்கள், பல்கலைக்கழகங்கள், தொழிற்சாலைகள் எல்லாம் ஒரே வலைக்குள் வந்தன. அதே காரணத்தால் கடினமான இரண்டு மூன்று திட்டங்கள், எளிதில் வென்றவற்றின் புகழ் நிழலில் பல ஆண்டுகள் கேள்வி கேட்பாரில்லாமல் நீண்டன.

கலாம் ஒருவரே எல்லாவற்றையும் செய்தாரா?

இல்லை, அப்படி அவர் சொன்னதும் இல்லை. அவர் செய்த முக்கியமான வேலை ஆட்களைத் தேர்ந்ததுதான். பிரித்விக்குத் தரைப்படையின் கர்னல் வி.ஜே. சுந்தரம், திரிசூலுக்குக் கடற்படையின் கமாடோர் எஸ்.ஆர். மோகன், அக்னிக்கு ஆர்.என். அகர்வால், ஆகாஷுக்கு பிரகலாதா, நாகுக்கு என்.ஆர். ஐயர். படைகளிலிருந்து இருவரைத் திட்ட இயக்குநர்களாக்கியதைக் கவனியுங்கள். வெயிலிலும் சேற்றிலும் இதைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறவர்களின் ஆள் முதல் நாளிலிருந்தே மேசையில் இருந்தார்.

அகர்வால் அக்னியுடனே தன் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தார். அவருக்குப் பிறகு அவினாஷ் சந்தர், டெஸ்ஸி தாமஸ் என்று அந்த வரிசை நீண்டது. ஆலப்புழையைச் சேர்ந்த டெஸ்ஸி தாமஸ் 1988-இல் டி.ஆர்.டி.ஓ.வில் சேர்ந்து, பின்னர் அக்னி-4 திட்ட இயக்குநரானவர். ஒரு தலைமுறை போனால் அடுத்தது தயாராக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு அக்னியில் இருந்தது. எல்லாத் திட்டங்களிலும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

ஐந்தும் வெற்றி பெற்றனவா?

இங்கேதான் மேடைப் பேச்சும் உண்மையும் பிரிகின்றன.

பிரித்வி 1988 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் முயற்சியிலேயே பறந்தது. ஒப்புதல் கிடைத்து ஐந்தாண்டுகூட ஆகவில்லை. ஒரு டன் சுமையை 150 கிலோமீட்டர் கொண்டுசெல்லும். குறையும் உண்டு: அதன் திரவ எரிபொருள் அரிக்கும் தன்மை கொண்டது, போர்க்களத்தில் அதைக் கையாள்வது தரைப்படைக்குத் தலைவலி. பின்னால் வந்தவை திட எரிபொருளுக்குப் போனது அதனால்தான்.

அக்னி 1989 மே 22 அன்று ஒடிசாவின் சாந்திப்பூரிலிருந்து பறந்தது. அதன் முதல் நிலை எஸ்.எல்.வி.-3-இலிருந்து வந்த திட எரிபொருள் பொறி. இரண்டாம் நிலை பிரித்வியின் திரவ எஞ்சினைத் தழுவியது. இரண்டு தனித்தனிப் பரம்பரைகள் ஒரே கூட்டில் சேர்ந்தன.

ஆகாஷ் 1990-இல் முதல் சோதனையைக் கண்டது. விமானப்படையும் தரைப்படையும் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது 2015-இல். கால் நூற்றாண்டு! நாக் இன்னும் மோசம்: படைக்குள் சேர்க்கும் முன் செய்யும் இறுதிச் சோதனை 2020 அக்டோபரில்தான் நிறைவேறியது. திரிசூல் கரைசேரவே இல்லை. அதை எதிர்பார்த்திருந்த கடற்படை, இஸ்ரேலின் பராக் ஏவுகணையை வாங்கிக் கப்பல்களில் பொருத்திக்கொண்டது. 2008-இல் திரிசூல் திட்டம் மூடப்பட்டது.

ஒரே தலைமை, ஒரே ஆய்வகம், ஒரே ஆண்டில் தொடக்கம். பிறகு ஏன் இவ்வளவு வேறுபாடு?

எனக்குப் புலப்படும் காரணங்கள் இரண்டு.

ஒன்று, கையிருப்பு. பிரித்விக்கும் அக்னிக்கும் தேவைப்பட்டவை பெரும்பாலும் உந்துபொறியும் திசையறி கருவியும் வெப்பம் தாங்கும் உடலும். முதல் இரண்டிலும் டெவிலும் எஸ்.எல்.வி.-3-உம் பத்து, பதினைந்து ஆண்டு அனுபவத்தைச் சேர்த்து வைத்திருந்தன. நாகுக்கு வேண்டியது அகச்சிவப்புத் தேடுகருவி: பாலைவனத்து மதிய வெயிலில் சூடேறிய மணலுக்கும் சூடேறிய டாங்கிக்கும் வித்தியாசம் காணும் நுண்ணிய உணரி. குறைக்கடத்தித் தொழில் வேரூன்றாத நாட்டில் அது எங்கிருந்து வரும்? ஏவுகணை பறந்தது, அதன் கண்தான் தெளியவில்லை.

இரண்டு, கடை. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் தரத்து ஏவுகணையை உலகில் எவரும் விற்க மாட்டார்கள். அக்னியைச் செய்தே ஆக வேண்டும். வேறு வழி கிடையாது. டாங்கி எதிர்ப்பு ஏவுகணையோ சந்தையில் கிடைக்கிறது. பிரான்ஸின் மிலான், ரஷ்யாவின் கொங்குர்ஸ் இரண்டும் உரிமத்தின் பேரில் ஹைதராபாத்திலேயே தயாராயின. படைக்கு அவசரம், விற்பவருக்கு ஆர்வம், உள்நாட்டு ஆய்வாளருக்கு இன்னும் இரண்டு ஆண்டு அவகாசம். இந்த மூன்றும் சேர்ந்தால் உள்நாட்டுத் திட்டம் எப்போதும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். பிற நாடுகள் மறுத்ததில் வளர்ந்தோம், கொடுத்ததில் தேங்கினோம் என்றுகூடச் சொல்லலாம்.

எந்தெந்தப் பொருள்களைத் தர மறுத்தார்கள்? எப்படிச் சமாளித்தார்கள்?

1987 ஏப்ரலில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, கனடா, ஜப்பான் ஆகிய ஏழு நாடுகள் சேர்ந்து ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. 500 கிலோ சுமையை 300 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகக்கூடிய எதற்கும் உதவுவதில்லை என்பது அதன் சாரம். முழு ஏவுகணைக்கு மட்டுமல்ல, சிறப்பு எஃகு, கார்பன் இழை, துல்லியக் கருவிகள் எல்லாவற்றுக்கும் கதவு அடைபட்டது.

மார்ஏஜிங் எஃகை எடுத்துக்கொள்வோம். சுமார் 18 சதவீதம் நிக்கல் கலந்த, கரி மிகக் குறைந்த எஃகு அது. மெல்லிய தகடாக இருந்தும் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும் என்பதால் பெரிய பொறிகளின் உறைக்கு ஏற்றது. 1973-இல் ஹைதராபாத்தில் நிறுவப்பட்ட மிதானி ஆலை இதை உருக்கித் தரும் நிலைக்கு வந்தது.

அக்னியின் மூக்கு இன்னும் கடினம். வளிமண்டலத்தில் திரும்ப நுழையும்போது அதன் மேற்பரப்பு 3,000 டிகிரி செல்சியஸை நெருங்கும். உள்ளே இருக்கும் மின்னணுக் கருவிகளோ சாதாரண அறை வெப்பத்தில் இருந்தாக வேண்டும். கார்பன் இழைகளைப் பின்னி வடிவம் கொடுத்து, தாரை ஒத்த பொருளில் ஊறவைத்து, காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, மறுபடி ஊறவைத்து, மறுபடி சுட்டு, நுண்துளைகள் அடையும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். செய்முறை ஏட்டில் படித்தால் எளிது. எத்தனை டிகிரியில், எத்தனை மணி நேரம் என்பதைச் சொந்தச் சூளையில் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்க முடியும்.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஆகாஷின் ராஜேந்திரா ரேடார். வழக்கமான ரேடார் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். இது அசையாமல் நின்று, ஆயிரக்கணக்கான சிறு உறுப்புகள் வழியே அலையின் கட்டத்தை மாற்றி மாற்றி, கற்றையை மின்னணு முறையிலேயே திருப்பும். அந்தக் கட்டமாற்றிகள் வெளியில் கிடைக்கவில்லை. டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பாரதி பட் தலைமையிலான குழு ஃபெர்ரைட் பொருளைக் கொண்டு அவற்றை உருவாக்கிக் கொடுத்தது. ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தின் வேலை நேரே படைக்கலத்துக்குள் போவது இந்தியாவில் அரிது. அந்த அரிய வழியைத் திறந்ததற்குத் தலைமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதே கட்டுப்பாட்டு ஏற்பாட்டில் 2016 ஜூனில் இந்தியாவே உறுப்பினராகச் சேர்ந்துவிட்டது என்பது இதன் பின்கதை.

1989-இல் அக்னியை நிறுத்த அமெரிக்கா அழுத்தம் கொடுத்தது உண்மையா?

கலாம் பின்னாளில் ஒரு கூட்டத்தில் விவரித்திருக்கிறார். ஏவுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அதிகாலை 3 மணியளவில், அமைச்சரவைச் செயலாளராக இருந்த டி.என். சேஷன் தொலைபேசியில் அழைத்து, அமெரிக்காவும் நேட்டோ நாடுகளும் கடும் நெருக்கடி கொடுப்பதாகச் சொல்லி, அக்னி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டாராம். திரும்ப முடியாத கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்ற பொருளில் கலாம் பதில் சொன்னார். சேஷன் சற்று யோசித்துவிட்டு, மேலே செல்லுங்கள் என்றார். காலையில் அக்னி பறந்தது.

அதற்கு முன் ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் இரண்டு முறை கடைசி நேரத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. ஏப்ரலில், புறப்படச் சில விநாடிகள் இருக்கும்போது கணினியே கோளாறு கண்டு நிறுத்தியது. பத்திரிகைகளில் கேலிச்சித்திரங்கள் வந்தன. கேலிக்கு அஞ்சி அவசரப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

அழுத்தத்துக்கு இந்தியா பணிந்ததே இல்லை என்பது மிகை. 1992-இல் இரண்டாம் சோதனை தோற்று, 1994 பிப்ரவரியில் மூன்றாவது வென்றபின் அக்னி ஐந்தாண்டு பறக்கவில்லை. 1999 ஏப்ரல் 11 அன்று, முழுக்கத் திட எரிபொருளில் இயங்கும் அக்னி-2 வந்த பிறகே அந்த மௌனம் முடிந்தது. விஞ்ஞானிகள் முடிக்கலாம், தொடர்வதா நிறுத்துவதா என்பது அரசியல் தலைமையின் கையில்.

பிரம்மோஸ் முழுக்க இந்தியத் தயாரிப்பா?

கூட்டுத் தயாரிப்பு. பிரம்மபுத்திரா, மாஸ்க்வா என்ற இரு ஆறுகளின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர் அது. 1998 பிப்ரவரியில் இந்தியாவும் ரஷ்யாவும் ஒப்பந்தம் செய்தன. இந்தியப் பங்கு 50.5 சதவீதம். முதல் சோதனை 2001 ஜூன் 12. ஒலியைப் போல ஏறத்தாழ 2.8 மடங்கு வேகம். பாயும் வேகத்தாலேயே காற்றை உள்ளிழுத்து அழுத்தி எரியும் ராம்ஜெட் எஞ்சின் ரஷ்யாவினுடையது. அடிப்படை வடிவமும் அவர்களின் ஓனிக்ஸ் ஏவுகணையிலிருந்து வந்தது. வழிகாட்டும் மென்பொருள், ஏவு வண்டி போன்றவை இந்தியப் பங்களிப்பு. இந்தியத் தேடுகருவி பொருத்திய பிரம்மோஸ் 2018 மார்ச்சில் பறந்தது. நிறுவனத்தை முதலில் தலைமையேற்று நடத்தியவர் ஏ. சிவதாணு பிள்ளை.

2022-இல் பிலிப்பைன்ஸ் இதை வாங்க ஒப்பந்தம் செய்தபோது ‘நூறு சதவீத இந்திய ஏவுகணை’ என்று சில தலைப்புகள் வந்தன. பெருமைப்பட வேண்டிய செய்திதான். இன்னொருவர் உழைப்பை மறைத்துவிட்டுப் பெருமைப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் தற்சார்பை எதை வைத்து அளப்பது?

உள்நாட்டுப் பாகங்கள் 70 சதவீதம், 90 சதவீதம் என்று வரும் கணக்குகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆணி, உறை, வண்டி, வண்ணப்பூச்சு எல்லாம் சேர்ந்தால் சதவீதம் ஏறிவிடும். விலையிலும் எடையிலும் சிறியதான ஓர் உணரி வெளிநாட்டிலிருந்து வந்தால் முழு ஏவுகணையும் அந்த நாட்டின் தயவில் நிற்கும்.

நான் கேட்கும் கேள்விகள் வேறு. பாயும் தூரத்தைக் கூட்ட வேண்டுமென்றால் யாரிடமும் அனுமதி கேட்காமல் வடிவமைப்பை மாற்ற முடியுமா? சோதனை தோற்றால் காரணத்தைக் கண்டுபிடிக்கத் தேவையான தரவு முழுவதும் நம்மிடம் இருக்கிறதா? நாளை காலை ஒரு நாடு வழங்கலை நிறுத்தினால் உற்பத்தி எத்தனை நாள் ஓடும்? அக்னி இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் தருகிறது. 2006 ஜூலையில் அக்னி-3 முதல் முயற்சியில் கடலில் விழுந்தது. 2007 ஏப்ரலில் வென்றது. காரணம் கண்டு திருத்த ஒன்பது மாதம் போதுமானதாக இருந்தது. தற்சார்புக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பாகிஸ்தான் வெளியிலிருந்து பெற்று வேகமாக முன்னேறியதே? நாமும் அப்படிச் செய்திருக்கலாமே?

1998 ஏப்ரலில் பாகிஸ்தான் சோதித்த கௌரி, வடகொரியாவின் நோடாங் ஏவுகணையை ஒட்டியது. உண்மையிலேயே வேகமான வழிதான். அவ்வளவு தூரம் பாயும் ஒன்றை இந்தியாவுக்கு விற்க யாரும் முன்வரவில்லை என்பது ஒருபுறம். ஒருவேளை வந்திருந்தால் நாமும் வாங்கியிருப்போம் என்றே நினைக்கிறேன், மிலான் வாங்கவில்லையா?

இஸ்ரோவும் டி.ஆர்.டி.ஓ.வும் ஒன்றா?

வெவ்வேறு துறைகள். ஒன்று விண்வெளித் துறையின் கீழ் உள்ளது. மற்றது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். கலாம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வந்தபோது மனிதர்களின் அனுபவமும் திட எரிபொருள் பொறியும் கூடவே வந்தன. ஆனால் இஸ்ரோவின் பெரிய ஏவு வாகனங்கள் ஏவுகணைகள் ஆகா. கிரையோஜெனிக் எஞ்சின், மைனஸ் 250 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த ஹைட்ரஜனைப் புறப்படும் முன் நிரப்பி இயக்கப்படுவது. நெருக்கடியில் சட்டென்று ஏவ அது உதவாது. இருந்தும் ரஷ்யாவிடம் அந்தத் தொழில்நுட்பத்தை இந்தியா வாங்குவதை, ஏவுகணைக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி அமெரிக்கா 1992-இல் தடைபோட்டுத் தடுத்தது. எஞ்சின்கள் மட்டும் வந்தன, செய்முறை வரவில்லை. இஸ்ரோ தானே செய்த கிரையோஜெனிக் எஞ்சினுடன் ஜி.எஸ்.எல்.வி. வென்றது 2014 ஜனவரி 5 அன்று.

சோதனைத் தளத்துக்காக மக்களை வெளியேற்றினார்களா?

1980-களின் நடுவில் ஒடிசாவின் பாலேஸ்வர் மாவட்டத்து பலியாபாலில் தேசியச் சோதனைத் தளம் அமைக்க அரசு முடிவெடுத்தது. வெற்றிலைக் கொடிக்கால், தென்னை, முந்திரி, மீன்பிடி என்று வளமான கடற்கரைப் பகுதி. பல்லாயிரம் பேர் இடம்பெயர வேண்டியிருக்கும். மக்கள் சாலைகளில் தடுப்பு அமைத்து, அதிகாரிகள் வந்தால் சங்கு ஊதி ஊரைக் கூட்டி, ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய சாந்திப்பூரே நிலையான தளமாகிவிட்டது. அருகில் வீலர் தீவும் சேர்ந்தது. அத்தீவுக்கு 2015-இல் அப்துல் கலாம் பெயர் சூட்டப்பட்டது.

கொடிக்கால்காரர்கள் தங்கள் மண்ணைக் காத்துக்கொண்டார்கள், ஏவுகணைகளும் பறந்தன. ‘தேச நலனுக்காக வேறு இடமே இல்லை’ என்று யாராவது சொல்லும்போது இதை நினைவூட்டலாம்.

திப்பு சுல்தானின் ராக்கெட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

தொழில்நுட்பத் தொடர்ச்சி எதுவும் இல்லை. மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூர்ப் போரில் ஆங்கிலேயப் படையைக் கலங்கடித்தன. ஆங்கிலேயர் அவற்றை எடுத்துப்போய் ஆராய்ந்து, காங்கிரீவ் ராக்கெட்டை உருவாக்கினார்கள். இங்கே அந்தக் கலை அதோடு நின்றுபோனது. பிடித்த பொருளைப் பிரித்துப் பார்த்துக் கற்றவர்கள் அன்று அவர்கள்.

தமிழ்நாட்டில் இது தொடர்பான நிறுவனங்கள் உள்ளனவா?

ஏவுகணை வேலையின் தலைநகர் ஹைதராபாத்தான். தமிழ்நாட்டில் டி.ஆர்.டி.ஓ.வின் ஆவடி ஆய்வகம் டாங்கி போன்ற போர் ஊர்திகளுக்கானது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ வளாகத்தில் திரவ எஞ்சின்களையும் கிரையோஜெனிக் எஞ்சின்களையும் சோதிக்கிறார்கள். குலசேகரப்பட்டினத்தில் வரும் ஏவுதளம் சிறிய செயற்கைக்கோள்களுக்கு.

ஏழை நாட்டுக்கு இந்தச் செலவு தேவையா? மக்களுக்கு ஏதாவது பயன் உண்டா?

அக்னியின் வெப்பக்கவசத்துக்காக உருவான கார்பன் கலவைப் பொருளைக் கொண்டு, போலியோவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்துடன் சேர்ந்து எடை குறைந்த நடைக்கருவி செய்தார்கள். கிலோக்கணக்கில் இருந்த கருவி சில நூறு கிராமாகக் குறைந்தது. தன் பணிகளில் மிகுந்த மகிழ்ச்சி தந்தது இதுவே என்று கலாம் சொல்வார். நல்ல காரியம். ஆனால் செலவை நியாயப்படுத்த இதைக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நடைக்கருவிதான் குறிக்கோள் என்றால் அதற்கு நேரடியாகவே பணம் ஒதுக்கலாம்.

ஏவுகணையை ஏவுகணையாகவே மதிப்பிட வேண்டும்: அணுஆயுதம் கொண்ட இரு அண்டை நாடுகள் இருக்கும்போது தடுப்பாற்றல் வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்பவர் செலவை ஏற்கத்தான் வேண்டும். வேண்டாம் என்பவரின் வாதத்தையும் தேசத் துரோகம் என்று ஒதுக்காமல் கேட்க வேண்டும்.

இன்று எந்த நிலையில் இருக்கிறோம்?

5,000 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் அக்னி-5, 2012 ஏப்ரல் 19 அன்று முதலில் பறந்தது. ஒரே ஏவுகணையிலிருந்து பல ஆயுதங்களைத் தனித்தனி இலக்குகளுக்கு அனுப்பும் திறனை 2024 மார்ச் 11 அன்று ‘திவ்யாஸ்திரா’ என்ற பெயரில் சோதித்தார்கள். செயற்கைக்கோளைச் சுட்டு வீழ்த்தும் சோதனை 2019 மார்ச்சில் நடந்தது. ராம்ஜெட்டைவிட மிக அதிக வேகத்தில் இயங்கும் ஸ்கிராம்ஜெட் எஞ்சின் 2020 செப்டம்பரில் சில விநாடிகள் இயங்கிக் காட்டியது. பாதை முடிய வெகுதூரம் இருக்கிறது.

பொறியில் தேர்ந்துவிட்டோம். தேடுகருவியிலும் முன்பைவிடத் தேறியிருக்கிறோம். உணரிகளிலும் சில்லுகளிலும் இன்னும் வெளியாரை எதிர்பார்க்கிறோம். 1983-இல் தொடங்கிய நாக் எங்கே இடறியதோ, கிட்டத்தட்ட அதே இடம்.

இந்தத் துறையில் சேர என்ன படிக்க வேண்டும்?

வானூர்திப் பொறியியல் படித்தால்தான் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். இயந்திரவியல், மின்னணுவியல், கணினி, வேதிப் பொறியியல், உலோகவியல், இயற்பியல், கணிதம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பொறியியல் பட்டதாரிகள் கேட் தேர்வு மதிப்பெண்ணுடன் டி.ஆர்.டி.ஓ.வின் ‘சயின்டிஸ்ட் பி’ பணிக்கு விண்ணப்பிக்கலாம். அதன்பின் நேர்முகத் தேர்வு. விருப்பப் பாடம் இன்னும் முடிவாகவில்லை என்றால், பொருளறிவியலையும் குறைக்கடத்தி இயற்பியலையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அங்கேதான் ஆள் குறைவு.